லிரியோப்பி வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அட்லாண்டாவிலிருந்து:

இந்தப் பக்கம் பாதி வீடுகளின் நடைபாதை ஓரத்தில் புல் மாதிரி ஒரு செடி வரிசையாக நிற்குமே, அதைப் பற்றித்தான். மங்கி கிராஸ் என்பார்கள். நர்சரி அட்டையில் லிரியோப்பி என்றோ லில்லிடர்ஃப் என்றோ போட்டிருக்கும். உண்மையில் அது புல்லும் இல்லை, லில்லியும் இல்லை. நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். தோண்டினால் சொந்தம் தெரிந்துவிடும்: வேரில் அங்கங்கே முடிச்சு முடிச்சாகக் கிழங்கு தொங்கும். வறட்சியைத் தாங்குவது அந்தச் சேமிப்பை வைத்துத்தான்.

எங்கள் மண் ஜார்ஜியாவின் சிவப்புக் களி. காய்ந்தால் கடப்பாரை இறங்காது. கிரேப் மிர்ட்டில் மரத்தடியில் வேறு எதை வைத்தாலும் நிற்கவில்லை. 'பிக் ப்ளூ' ரகத்தை ஒரு அடி இடைவெளியில் வைத்தோம். முதல் கோடையில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. அடுத்த வருஷம் தூர் கட்டியது பாருங்கள், இடைவெளியே தெரியவில்லை. ஆகஸ்ட் பிறந்தால் ஊதாக் கதிர்கள், அப்புறம் கறுப்பு மணிகள். உரம், மருந்து என்று எதற்கும் கையேந்தாத செடி.

கவனம் தேவைப்படுவது பிப்ரவரியில் மட்டும்தான். குளிரில் கசங்கிப்போன பழைய இலைகளைத் தரையை ஒட்டி வெட்டிவிட வேண்டும். எப்போது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலைகளைக் கையால் விலக்கித் தூரின் நடுவே பாருங்கள். வெளிர்பச்சையில் ஈர்க்குச்சி நுனி மாதிரி குருத்து எட்டிப் பார்த்தால், அதுதான் கடைசி நாள். அதைத் தாண்டி வெட்டினால் குருத்தின் தலையும் சேர்ந்து போகும். அந்த இலை அப்புறம் வளரும், ஆனால் நுனி மொட்டையாக, பழுப்பாக, வருஷம் முழுக்க அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டில் தோட்ட வேலைக்கு வருபவர்கள் ஏப்ரலில் மெஷினை ஓட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு கோடையிலும் அந்த வரிசையைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

கொஞ்சம் செடி என்றால் கத்தரிக்கோல் போதும். நிறைய இருந்தால் புல்வெட்டும் மெஷினின் பிளேடை உச்ச உயரத்தில் வைத்து ஓட்டலாம். வெட்டிய இலையை அங்கேயே மூடாக்காகப் போட வேண்டாம். நுனியில் செம்பழுப்புப் புள்ளி விழும் ஆந்த்ராக்னோஸ் நோய் பழைய இலையில்தான் தங்கியிருக்கும்.

ராலேயிலிருந்து:

அண்ணா, எந்த லிரியோப்பி என்று முதலில் சொல்லிவிடுங்கள். 'மஸ்காரி' தூராக ஒரே இடத்தில் நிற்கும். 'ஸ்பிகாட்டா' ஓடும். நாங்கள் வாங்கிய வீட்டில் முன்னே இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது ஸ்பிகாட்டா. மண்ணுக்கடியில் வெள்ளை வேர்த்தண்டு விட்டுப் புல்தரைக்குள் புகுந்து, வேலியைத் தாண்டி, இப்போது தபால் பெட்டி வரை போயாகிவிட்டது. தோண்டும்போது ஒரு துண்டு உடைந்து உள்ளே தங்கினாலும் அங்கிருந்து மறுபடி கிளம்பும். களைக்கொல்லி அடித்தால் மெழுகு பூசிய அந்த இலையில் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது. மண்வெட்டியும் முதுகுவலியும்தான் ஒரே வழி.

அடையாளம் கேட்டால்: ஸ்பிகாட்டாவின் இலை ஒல்லி, ஓரத்தில் நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலை ஓட்டினால் மெல்லிய அரம் தட்டுப்படும். பூவும் வெளிறியே இருக்கும். மண் சரியும் மேட்டுச் சரிவுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது, அதை மறுக்கவில்லை. சமதரையில் வைப்பதானால் சுற்றிலும் சிமெண்ட் தடுப்பு இருக்கட்டும்.

சார்லட்டிலிருந்து:

எதற்கும் கையேந்தாது என்கிறீர்கள், சரி. தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது அண்ணா. எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கம் வைத்தவை அடியிலிருந்து மஞ்சளாகின. இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்தது, அடிப்பாகம் பழுப்பாக அழுகியிருந்தது. ஃபைட்டோஃப்தோரா என்கிற அழுகல். பிடுங்கிக் குப்பையில் போட்டோம், கம்போஸ்டில் போடவில்லை. அந்த இடத்தில் திரும்ப லிரியோப்பி வைக்கவும் இல்லை. மேட்டுப் பக்கம் இருந்த வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நியூஜெர்சியிலிருந்து:

மான் எங்கள் ஹோஸ்டா செடிகளை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டது. பக்கத்திலிருந்த இதைச் சீண்டவில்லை. எனக்கு அது ஒன்றே போதும்.

யோகஹாமாவிலிருந்து:

இங்கே இது வாங்கி வைக்கும் செடி இல்லை, காட்டு மரநிழலில் தானாகவே முளைத்துக் கிடக்கும். யபுரான் என்பார்கள். கோயில் பாதை ஓரங்களிலும் பார்க்கலாம். அந்தக் கறுப்பு மணி பழமே இல்லை, விதை. பழத்தோல் இளசிலேயே கிழிந்துவிடும், விதை வெளியே நின்றபடிதான் முற்றும். இதன் தம்பி மாதிரி இருக்கும் மோண்டோ புல்லில் மணி நீலமாக இருக்கும். நீலத் தோலை உரித்தால் உள்ளே பளிங்கு வெள்ளை. கல்லில் போட்டால் பந்தாய் எகிறும். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு இது.

ராலேயிலிருந்து:

மஞ்சள் வரி போட்ட 'வேரிகேட்டா' வேண்டும். அந்த மணியை ஊன்றினால் வருமா?

அட்லாண்டாவிலிருந்து:

முளைக்கும், ஆனால் பச்சையாகத்தான் வரும் தம்பி, வரி வராது. வரி வேண்டுமென்றால் தூர் பிரித்து வைப்பதுதான் வழி. குருத்து விடும் முன்னால் முழுத் தூரையும் தோண்டி எடுத்து, பழைய ரம்பக் கத்தியால் நாலாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேரும் நாலைந்து இலைக்கொத்தும் இருக்க வேண்டும். பழைய ஆழத்திலேயே நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள். சாதா மணியை ஊன்றிப் பார்ப்பதானால் மேல்தோலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு ஊன்றுங்கள், தோலோடு போட்டால் முளைப்பது குறையும்.