புதுப்பிப்பு: இறுகிக் கிடந்த மாஸி ஃபெர்குசன் 35 ஓடத் தொடங்கியது

எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலே அசையாத அளவுக்குப் பிஸ்டன்கள் இறுகிப்போன ஒரு மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரை வாங்கியதாக முன்பு எழுதியிருந்தேன். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து மூன்று சிலிண்டர்களிலும் ஊற்றி, இரண்டு வாரம் ஊறவைத்து, ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாகப் பொறுமையாக நெம்பியபோது, அதிலிருந்த பெர்கின்ஸ் நிறுவன எஞ்சின் ஒரு மயிரிழை நகர்ந்தது. மகிழ்ச்சியில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு வீட்டிலிருந்த அனைவரும் பதறி ஓடிவந்தார்கள்.

ஊற்றியதை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிய பின், ஏர் எடுக்கும் வேலை, அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை, மிஞ்சியிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த அழுத்த, நுரைத்து வந்த டீசல் குமிழின்றித் தெளிந்தது. (இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.)

நேற்று அது கரும்புகை கக்கி, தட்டுத்தடுமாறி, பின் சீராக ஓடியது. பின்னால் மாட்டும் கலப்பை போன்றவற்றைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் இன்னும் ஏறவில்லை. அடுத்து அதைப் பிரிக்கப்போகிறேன்.