வீட்டுக் குப்பை சேகரிப்பு: எத்தனை தொட்டி என்பதிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டுமா?

கேட்டவர்: முதல்முறை உறுப்பினர்

வணக்கம். நான் முதன்முறையாக உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்வானவன். வீட்டுக் குப்பை சேகரிப்புக்குப் புதுத் திட்டம் எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. மூன்றிலும் ஒரே பேச்சுதான்: வீட்டுக்கு இரண்டு தொட்டியா, நான்கா, என்ன நிறம். ஜப்பானின் கமிகாட்சு என்ற ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்களே, நம்மால் ஐந்துகூட முடியாதா என்று ஒரு உறுப்பினர் கேட்கிறார்.

ஏற்கெனவே ஒருமுறை தொட்டி கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் தெருவில் எல்லாரும் பிரிப்பதை விட்டுவிட்டார்கள். என் அம்மா மட்டும் இன்னும் தனித்தனியாகக் கட்டி வைக்கிறார். அதெல்லாம் வண்டியில் ஒன்றாகப் போய் விழுவதை நானே பார்த்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வேலையை நேரில் செய்தவர்கள் யாராவது, எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில்: பழைய மேற்பார்வையாளர்

தம்பி, உங்கள் அம்மா கட்டி வைக்கிற அந்தப் பையிலிருந்து தொடங்குங்கள். அது எந்த வண்டியில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, அங்கிருந்து யார் எடுத்துப் போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதி முடிக்கும்வரை தொட்டி பற்றிப் பேசவே வேண்டாம்.

பதினோரு வருடம் சேகரிப்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். தொட்டி கொடுத்த வாரம் தெருவே ஒழுங்காகப் பிரித்தது. எங்கள் வண்டியில் நடுவில் தடுப்பு கிடையாது. இரண்டையும் ஒரே பெட்டியில்தான் கொட்டினோம். ஒரு நாள் ஒரு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அப்புறம் நான் எதுக்கும்மா பிரிக்கணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவர் வீட்டில் ஒரே பைதான். பணியாளர்கள் மேல் தவறில்லை, அவர்களுக்குக் கொடுத்த வண்டி அப்படி.

புது வண்டி வாங்கப் பணம் இல்லையென்றால் அதே வண்டியை வேறு வேறு நாளில் அனுப்பலாம். ஈரக் குப்பை நாற்றம் எடுக்கும், அதை அடிக்கடி எடுத்தே ஆக வேண்டும். பேப்பர், பாட்டில், டின் ஒரு வாரம் வீட்டில் காத்திருக்கும். உலர் குப்பைக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, அன்று ஈரக் குப்பையைத் தொடாதீர்கள். எங்கள் பகுதியில் கடைசியில் நிலைத்தது இந்த ஏற்பாடுதான்.

அதற்கு முன்னால் எடை போடுங்கள். நாங்கள் அறுபது வீடுகளை எடுத்துக்கொண்டோம். தனி வீடு, அடுக்குமாடி, நெருக்கடியான சந்து எல்லாம் அதில் உண்டு. ஏழு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுப் பிரித்து, வகைவாரியாகத் தராசில் வைத்தோம். பாதிக்கு மேல் ஈரக் குப்பை. உலக வங்கியின் 2018 அறிக்கைகூட உலக அளவில் உணவு மிச்சமும் செடி கொடிக் கழிவும் 44 சதவீதம் என்கிறது. பிளாஸ்டிக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்கள் குழு அன்றைக்குத்தான் வாயடைத்துப் போனது. இந்த ஈரக் குப்பைதான் கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து, தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு ஆகிறது, பேப்பரையும் அட்டையையும் நனைத்துக் கெடுப்பதும் அதுதான். அதை மட்டும் சுத்தமாகப் பிரித்துவிட்டால் மிச்சம் பாதி தானாகச் சரியாகும்.

உரக்கூடம் வைக்கப்போகிறீர்கள் என்றால் காய்ந்த இலையை இப்போதிருந்தே சேருங்கள். உரக் குவியலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும், அந்தக் கார்பன் காய்ந்த இலையில்தான் நிறைய. சமையலறைக் கழிவை மட்டும் குவித்தால் காற்றுப் போகாமல் அழுகும், அக்கம்பக்கத்தார் ஒரே மாதத்தில் மூடச் சொல்வார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

கமிகாட்சு பற்றி: அது மிகச் சிறிய ஊர். அங்கே வீட்டு வாசலுக்குச் சேகரிப்பு வண்டி வருவதில்லை, மக்களே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போடுகிறார்கள். வாசலில் எடுக்கும் திட்டத்துக்கு அந்த எண்ணிக்கையை அளவாக வைக்காதீர்கள்.

பதில்: பிரிப்புக்கூடத்திலிருந்து

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எதை வாங்க ஆள் இருக்கிறதோ அதை மட்டும் பட்டியலில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், அது என்ன வகை என்றுதான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதி அதில் இல்லை. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்குப் பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. மெல்லிய பைகள் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுத்து எடுக்கிறோம்.

2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக்கை வாங்குவதை நிறுத்தியது, பழைய பேப்பரில் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. பல நாடுகளில் சேகரித்தது விற்காமல் குவிந்தது. வாங்குபவரிடம் முதலில் பேசுங்கள், அப்புறம் மக்களுக்கு நோட்டீஸ் அடியுங்கள்.

பேட்டரிக்குக் கட்டாயம் தனி வழி வேண்டும். லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பக்கத்தில் நிற்பது எங்கள் ஆட்கள்.

பதில்: மூன்றாம் மாடி

வீட்டுக்காரியாக ஒரு வேண்டுகோள். வண்டி வரும் நாளை மாற்றினால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலி, படி இறங்கிப் போய் வண்டி வராமல் திரும்ப முடியாது. டயப்பர், நாப்கின் எதில் போடுவது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அதைக் கூட்டத்தில் எழுந்து கேட்க எங்கள் மாடியில் பலருக்குக் கூச்சம்.

கேட்டவர்: முதல்முறை உறுப்பினர்

எல்லாருக்கும் நன்றி. நாப்கின் பற்றி எங்கள் மூன்று கூட்டத்திலும் ஒருவர்கூடப் பேசவில்லை, நானும்தான். அடுத்த கூட்டத்தில் தொட்டி வாங்கும் தீர்மானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி, அறுபது வீட்டு எடைக் கணக்குக்கு அனுமதி கேட்கப்போகிறேன். அக்கா, எந்த வாரம் எடுக்கலாம்?

பதில்: பழைய மேற்பார்வையாளர்

பண்டிகை, நீண்ட விடுமுறை இல்லாத வாரமாகப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை எடுங்கள், ஈரம் ஏறினால் எடை மாறும். பிரிக்கிற இடத்துக்குக் குழு உறுப்பினர்களையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் பையையும் அந்த அறுபதில் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.