காரில்லாமல் யாழ்ப்பாணத்தில்: ரயிலில் வந்திறங்கியவர்களுக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ யாழ்ப்பாணத்துக்கு வந்து குடியேறும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வண்டி ஒன்று வாங்கியே ஆக வேண்டுமா?" என்பதுதான். நான் இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை என்னிடம் காரும் இல்லை, பைக்கும் இல்லை. வண்டி தேவையில்லை என்பதே என் பதில். ஆனால் அது நீங்கள் எந்த இடத்தில் வீடு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மெய்யாகும். ஆகவே இன்னும் வீடு பேசி முடிக்காதவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் காலையில் ஏறினால் பிற்பகலில் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். 1990 ஜூனில் நின்றுபோன இந்த ரயில் சேவை 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மீண்டது. அடுத்த சில மாதங்களில் காங்கேசன்துறை வரை நீண்டது. இந்தக் கடைசித் துண்டைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீடு சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் என்றால், யாழ்ப்பாணம் என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டியதில்லை. ரயில் காங்கேசன்துறை வரை போகிறதா, உங்கள் நிலையத்தில் நிற்குமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு, அங்கேயே போய் இறங்கலாம்.

நகரத்துக்குள் தங்குபவர்கள் யாழ்ப்பாண நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து மத்தியப் பேருந்து நிலையம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்; போதனா மருத்துவமனை எங்கே என்று கேட்டு நடந்தால் அதை ஒட்டியே பேருந்து நிலையமும் சந்தையும் வந்துவிடும். பெட்டி ஒன்றுதான் என்றால் நடக்கலாம், இரண்டு என்றால் ஆட்டோதான். இங்கே அதை ஓட்டோ என்பார்கள், எழுத்தில் முச்சக்கரவண்டி. பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது, அல்லது இருந்தும் ஓடாது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ள வேண்டும். வாடகை வண்டி அழைக்கும் பிக்மி செயலி இங்கேயும் வேலை செய்கிறது; அதில் வண்டி பிடிக்காவிட்டாலும், அது காட்டும் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசினால் ஏமாற மாட்டீர்கள்.

வந்த முதல் நாள் நான் ஏமாந்தது பேரத்தில் அல்ல, மொழியில். நிலைய வாசலில் நின்ற பெரியவர் ஒருவரிடம் நான் தங்கவேண்டிய விடுதியைக் கேட்டேன். "உதிலைதான் தம்பி, கிட்டத்தான்" என்று கையைக் காட்டினார். அவர் சொன்னதை 'இதோ இங்கே' என்று நான் புரிந்துகொண்டு, இழுக்கும் பெட்டியோடு வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்தேன். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாம், பேச்சில் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். இங்கே மூன்றாவதும் உயிரோடு இருக்கிறது. 'உது' என்றால் இங்கேயும் அல்ல, தொலைவிலும் அல்ல, இடைப்பட்ட ஓரிடம். அந்த இடைவெளி இருநூறு அடியாகவும் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம். எனவே "நடந்து போகலாமா, சைக்கிளில் போக வேண்டுமா?" என்று கேளுங்கள், அதற்குத் துல்லியமான பதில் கிடைக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் பேருந்துகள் ஏறத்தாழ எல்லாமே நகரின் நடுவிலிருந்து விரல்கள் போலப் பிரியும் சில வீதிகளில்தான் ஓடுகின்றன. காங்கேசன்துறை வீதி கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று வடக்கே போகிறது. பலாலி வீதி திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் வழியாகப் போகிறது. பருத்தித்துறை வீதி நல்லூரையும் கல்வியங்காட்டையும் தொட்டுச் செல்கிறது. கண்டி வீதி அரியாலை, நாவற்குழி வழியாகச் சாவகச்சேரிக்கும், மானிப்பாய் வீதி ஆனைக்கோட்டை வழியாக மானிப்பாய்க்கும் போகின்றன. ஒரு விரலிலேயே மேலும் கீழும் போவது எளிது. ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்குப் போவதுதான் தொல்லை. பல வேளைகளில் நகரத்துக்கு வந்து வண்டி மாறித் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அலுவலகம் எந்த வீதியில் இருக்கிறதோ அதே வீதியில் வீடு பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதைத் தெரியாமல் வாடகை குறைவு என்பதற்காக நான் எடுத்த முதல் வீடு, பேருந்து ஓடும் வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, மூன்று ஒழுங்கைகள் தாண்டி இருந்தது. ஒழுங்கை என்றால் இருபுறமும் மதிலோ வேலியோ அடைத்த குறுகிய சந்து. பகலில் பூவரச நிழலில் நடப்பது இன்பமாகவே இருக்கும். இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாத அதே ஒழுங்கையில் நான்கு நாய்கள் குறுக்கே நின்றபோது இன்பம் போய்விட்டது. மழைக்காலத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஐந்தாம் மாதம் வீடு மாறினேன். குறைந்த வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தைவிட ஓட்டோவுக்குக் கொடுத்தது கூடுதல்.

பேருந்துகளில் சிவப்பு நிறத்தவை அரசின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) வண்டிகள்; மற்றவை தனியார் வண்டிகள், சிறியவற்றை மினிபஸ் என்கிறார்கள். வழித்தட எண்களில் இரண்டு மூன்றை நினைவில் வைத்தால் போதும். நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்கு 750, சுன்னாகம் பக்கம் போக 769, நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் துறைக்கு 776. பேருந்து எப்போது புறப்படும் என்று கேட்க, "எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். இறங்கும் இடத்துக்கு முந்தைய நிறுத்தம் கடந்ததும், "அண்ணை, சந்தியில இறக்கம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மணி அடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்த சந்தியில்தான் இறங்குவீர்கள். இந்திய ரூபாயை நீட்டாதீர்கள். ஆயிரம் ரூபாய்த் தாளையும் காலை நேரத்தில் நீட்டாதீர்கள்.

சந்தி என்பதே இந்த ஊரின் முகவரி. வீட்டு எண் யாருக்கும் தெரியாது. முத்திரைச் சந்தி, தட்டாதெருச் சந்தி, ஆரியகுளம் சந்தி என்று சொன்னால் பேருந்தும் நிற்கும், ஓட்டோவும் வரும். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சந்தியின் பெயரை முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து எட்டாத இடங்களுக்குச் சைக்கிள். அரசு அறிவிப்புகளில் துவிச்சக்கரவண்டி என்று எழுதியிருக்கும். குடாநாடு முழுவதும் தட்டையான நிலம், மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும் சைக்கிள் மிதித்தும் ஊரே நகர்ந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று வாங்கிய நாட்களிலும் மூலையில் கிடந்த சைக்கிள்கள் தூசி தட்டப்பட்டு வெளியே வந்தன. புடவை கட்டிய ஆசிரியைகளும் வெள்ளைச் சீருடை அணிந்த மாணவிகளும் மிதித்துப் போகும் ஊர் இது. நம் ஊரில் போலப் பெண்கள் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பழைய சைக்கிளாக இருந்தாலும் கடையில் வாங்கி, எண் எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முன்விளக்கு இல்லாமல் இரவில் போகாதீர்கள். மருத்துவமனை, சந்தை, கோயில் ஆகிய இடங்களில் வெளியே சாத்தி வைக்காமல், துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்பு நிலையத்தில் விடுங்கள். ஒரே எண் எழுதிய இரண்டு அட்டைத் துண்டுகளில் ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி, மற்றதை உங்கள் கையில் தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைத்துவிட்டு, என் சைக்கிள் மணியின் மூடியில் உள்ள நசுங்கலை விவரித்து மீட்டெடுக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள்; பேருந்துகளும் சுற்றிப் போகும், சைக்கிளையும் தொலைவிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

தட்டை நிலத்துக்கும் ஒரு எதிரி உண்டு, அது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலிருந்து தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தில், இருபுறமும் கடல், மறைவுக்கு ஒரு மரம் இல்லை. ஒரு ஜூன் மாதக் காலையில் வேலணை வரை போய்வரலாம் என்று கிளம்பியவன், பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இறால் பிடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பும்போது மிதிக்காமலேயே வண்டி ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, ரயில் பாதையைக் கடக்கும் சிறு கடவைகள் பலவற்றில் கதவு கிடையாது. காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு அவற்றைக் கடக்கவே கூடாது.

மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: இந்திய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் நம்பி ஏறாதீர்கள், இங்கே செல்லுபடியாகும் அனுமதியை முறையாகப் பெற்ற பின்பே ஓட்டுங்கள். கார் பற்றி நினைப்பவர்கள் விலையைக் கேட்டதும் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததால் ஏறிய விலையும் கடுமையான வரியும் சேர்ந்து, நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் சிறிய காருக்குக்கூட இங்கே பல மடங்கு கேட்கிறார்கள்.

ஆகவே வண்டியில்லாதவருக்கு உண்மையில் எஞ்சும் சிக்கல் இரவு மட்டுமே. மாலை ஏழு மணிக்குப் பின் உள்ளூர்ப் பேருந்துகள் அருகிவிடும். அதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு, எங்கள் ஒழுங்கை முகப்பில் குடியிருக்கும் ஓட்டோக்கார அண்ணன் ஒருவரின் எண். நிலையத்திலிருந்து வீட்டுக்கு இவ்வளவு, மருத்துவமனைக்கு இவ்வளவு என்று ஒருமுறை பேசிவைத்தோம். பெட்ரோல் விலை மாறினால் மறுபடியும் பேசுவோம். கொழும்பிலிருந்து இரவில் வந்துசேரும் ரயிலில் திரும்பும்போது கொடிகாமம் தாண்டியதும் அவருக்கு அழைப்பேன். அவர் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்கும், நான் பெட்டியோடு வாசலுக்கு வருவதற்கும் நேரம் சரியாக இருக்கும்.