தின்னவேலியில் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை கட்டப்போகிறோம்: இந்தக் காணி எத்தனை பேரைத் தாங்கும்?

செம்பாட்டுமண் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, இராமநாதன் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. இரண்டரைப் பரப்புக் காணி. அப்பா கட்டிய ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் ஏழெட்டு வாழை. அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். தம்பி குடும்பத்தோடு கனடாவில், ஸ்காபரோவில்.

வீட்டின் பின்பாதியை இடித்து மூன்று மாடி எழுப்ப வேண்டும் என்று தம்பி நிற்கிறான். மாடிக்கு நாலு அறை, அறைக்கு இரண்டு பேர், மொத்தம் 24 பிள்ளைகள். காசு அவன் போடுவான், வாடகை அம்மாவின் கைக்கு வரும். அங்கிருந்தபடியே ஒருவரைப் பிடித்துப் படமும் கீறி அனுப்பிவிட்டான். எங்கள் ஒழுங்கையில் இப்படி மாடிகள் வந்துவிட்டன, அதனால் அவன் கேட்பதில் புதுமை ஒன்றும் இல்லை.

எனக்கு அறை கட்டுவதில் மறுப்பு இல்லை. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வரும் காலத்தில், பையும் கையுமாகத் தாயும் மகளும் படலை படலையாகத் தட்டிக்கொண்டு வருவதை நான் பார்க்கிறேன். அம்பாறை, மன்னார், ஹட்டன் என்று எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களுக்கு வீடு கேட்க மொழியும் கைகொடுப்பதில்லை. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகம் தொடங்கிய காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கத் தோட்டம் என்று அம்மா சொல்லுவா. தூர இடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருவராக இருந்து, வீட்டுக்காரரோடேயே சாப்பிட்டுப் படித்தார்களாம். இப்போது பலாலி வீதி இரண்டு பக்கமும் கடை. தோட்டம் இருந்த இடத்தில் வீடு, வீட்டுக்கு மேல் மாடி.

என்னைத் தடுப்பது கிணறு. பக்கத்துக் காணியில் மாடிக் கட்டடம் எழும்பியபோது அதன் மலசலகூடக் குழியை எங்கள் மதிலோடு ஒட்டி வெட்டினார்கள். அதற்குப் பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று அளவுக்கு மேல் என்று வந்தது. இப்போது குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். அம்மாவுக்கு அதுதான் பெரிய துக்கம். தின்னவேலியில் இருந்துகொண்டு தண்ணீரைக் காசுக்கு வாங்குவதா என்று கேட்கிறா. நாங்களும் 24 பேருக்குக் குழி வெட்டினால் எங்களுக்கு அடுத்த கிணற்றுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இந்தக் காணியில் எத்தனை பேரை வைத்திருக்கலாம், கழிவை எப்படிக் கையாள வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர்டிங்கில், அதாவது வீடுகளில் வாடகை அறையில், இருந்து படித்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு அறையில் உண்மையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா, நான் மட்டக்களப்பு. கலைப்பீடத்தில் படித்தேன். முதல் வருடம் கம்பஸ் விடுதி கிடைத்தது, நடுவில் வெளியே போர்டிங், கடைசி வருடம் திரும்ப விடுதி. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் அமையும். அதனால் உங்களிடம் வரப்போவது அநேகமாக இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகள்.

அறையைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டிலை எல்லோரும் போட்டுத் தருவார்கள். ஆளுக்கு ஒரு மேசையும் அந்த மேசைக்கு நேரே ஒரு விளக்கும் தருபவர்கள் குறைவு. நான் இருந்த அறையில் நடுவில் ஒரே ஒரு பல்ப். ஒருத்தி படித்தால் மற்றவள் நித்திரை கொள்ள முடியாது. சோதனைக் காலத்தில் நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், கைபேசி வெளிச்சத்தில் குறிப்பு எழுதியிருக்கிறேன். மேசையை யன்னல் பக்கம் போட்டு, தலைமாட்டில் தனி சுவிட்ச் வையுங்கோ. செலவு பெரிதில்லை, பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது தண்ணீர் மோட்டர். எங்கள் போர்டிங்கில் சுவிட்ச் வீட்டுக்காரரின் அறைக்குள் இருந்தது. காலை எட்டு மணி விரிவுரைக்கு எல்லோரும் வெளிக்கிடும் நேரத்தில் தாங்கி வெறுமையாகிவிடும். வீட்டுக்கார அம்மா கோயிலால் வரும்வரை வாளியோடு நிற்போம். சுவிட்ச்சைப் பொது இடத்தில் வைத்தால் போதும்.

மேல்மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொட்டைக் கொங்கிறீற்றுக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பகலில் இருக்கவே ஏலாது. மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றும். மூன்றாம் மாடி கட்டினால் அதற்கு மேல் ஓட்டுக் கூரை போடுங்கோ, இல்லையென்றால் மூன்றாம் மாடியே வேண்டாம்.

வாடகை உங்கள் முடிவு. ஆனால் ஒன்று. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல, அதாவது அரசு தரும் மாணவர் உதவிப்பணம், மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. பல பிள்ளைகளுக்குக் கையில் வரும் நிச்சயமான காசு அந்த உதவிப்பணம்தான், அதுவும் ஒவ்வொரு மாதமும் சொன்ன திகதிக்கு வராது. ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டால் ஹட்டனிலிருந்து வரும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை உங்கள் படலையோடு திரும்பிவிடும். ஒரு மாத முற்பணம், பிறகு மாதாமாதம் என்று வையுங்கோ. கம்பஸ் மூடிக்கிடந்த கொரோனாக் காலத்தில் யாரும் இல்லாத அறைக்கு என் அப்பா வாடகை கட்டினார். அந்த மாதங்களுக்குப் பாதி எடுத்தால் பிள்ளைகள் உங்களை மறக்கமாட்டார்கள்.

நீர்மட்டம் எழுதியது:

நான் கட்டட, நீர் வேலைகளில் இருப்பவன். தின்னவேலியும் சேர்ந்த வலிகாமப் பகுதியில் நிறையக் குழிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு, நீங்கள் கணித ஆசிரியை. ஒருவர் ஒரு நாளைக்கு 100 லீற்றர் பாவிக்கிறார் என்று குறைத்தே வைப்போம். 24 பேருக்கு 2,400 லீற்றர், மாதத்துக்கு 72,000 லீற்றர். 6,000 லீற்றர் பவுசரில் (தாங்கி லொறியில்) பன்னிரண்டு பவுசர். அத்தனையும் உங்கள் கிணற்றிலிருந்து ஏறி, உங்கள் வளவுக்குள்ளேயே இறங்கப்போகிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கழிவுநீரை எடுத்துப்போகும் பொதுக் குழாய் வலை இல்லை. அவரவர் கழிவு அவரவர் காணிக்குள்.

கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே செம்மண் போர்வை இருக்கிறது, ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இல்லை. கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் ஓடுகின்றன. மணல் தரையில் கழிவுநீர் மெல்ல மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். இங்கே ஒரு வெடிப்பில் பட்டால் நேரே போய்விடும். அதனால்தான் குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி விட்டேன் என்று மட்டும் சொல்லி இங்கே நிம்மதியாக இருக்க முடியாது. தூரம் விடத்தான் வேண்டும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கும் இடைவெளியைக் குறைக்கவே கூடாது. ஆனால் அது முதல் படி மட்டும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழியின் அடியே தண்ணீருக்குள் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் உங்கள் கிணற்றைப் பரிசோதித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியலாம்.

இங்கே பெரும்பாலும் வெட்டுவது அடிப்பாகம் இல்லாத குழி. சுற்றிவர வளையம் இறக்குவார்கள், அடியில் வெறும் கல். எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. நிரம்பாத குழியைக் காட்டி, வருடக்கணக்காக இறைக்கவே இல்லை, நல்ல குழி என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அது நிரம்பவில்லை என்றால் எங்கே போனது? பக்கத்து வீட்டுக்குத்தான்.

நைத்திரேற்றைப் பற்றியும் தெளிவாக இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். குளோரின் கிருமியைத்தான் கொல்லும், இதைத் தொடாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து, குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தியை இழக்கும். வலிகாமத்தில் தோட்டப் பசளையும் இதற்குக் காரணம். ஆனால் தின்னவேலியில் தோட்டம் குறைந்து குழிகள் கூடிவிட்டன என்பதையும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது: அடியும் பக்கமும் கொங்கிறீற்றால் மூடிய, இரண்டு அறை உள்ள தாங்கி. அதிலிருந்து வரும் தண்ணீரைக் கல் நிரப்பிய வடிகட்டித் தொட்டிக்குள் கீழிருந்து மேலே ஏற விடுங்கள். பிறகு அடியில் நீர் புகாத விரிப்புப் போட்ட பாத்தி, அதில் கல்வாழையும் வாழையும். செடி குடிப்பதும் வெயில் எடுப்பதும் போக, மிஞ்சுவதுதான் நிலத்துக்கு. குளிக்கும் தண்ணீரைத் தனிக் குழாயில் கொண்டுபோய் வாழைக்கு விடுங்கள், அதைத் தாங்கிக்குள் சேர்க்காதீர்கள். தாங்கியை ஒழுங்காகப் பவுசர் கூப்பிட்டு இறைக்க வேண்டும், அதற்கு ஒழுங்கையில் பவுசர் வரக்கூடிய பக்கமாக மூடி இருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தாங்கிக்கு மேலேயே படிக்கட்டைக் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள்.

உங்கள் இரண்டரைப் பரப்பு ஏறக்குறைய 6,800 சதுர அடி. அதில் வீடு, கிணறு, மதில் இடைவெளி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம் போக, பாத்திக்கு மிஞ்சும் இடம்தான் ஆட்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும். காணியைப் பார்க்காமல் சொல்கிறேன்: இரண்டு மாடி, பத்துப் பிள்ளைகள். அதற்கு மேல் போக வேண்டாம்.

கொக்குவிலான் எழுதியது:

பிள்ளை, நான் உள்ளூராட்சிச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவன். நீர்மட்டம் தம்பி சொல்வது முழுக்கச் சரி, ஆனால் அது ஒரு வளவுக்குள்ளேயே நிற்கிற பேச்சு. நீ பத்துப் பேரோடு நிறுத்தினால் மிச்சம் பதினாலு பேரும் எங்கே போவார்கள்? இதைவிட மோசமான குழி உள்ள இன்னொரு மாடிக்கு. நிலத்தடி நீருக்கு அதனால் என்ன லாபம்?

தின்னவேலி நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது, மாநகர சபை எல்லைக்கு வெளியே. ஆனால் ஒரு பல்கலைக்கழக நகரத்தின் பாரம் முழுக்க இந்த ஒழுங்கைகளின் மேல். பத்தடி ஒழுங்கையில் மூன்று மாடிக்கு அனுமதி கேட்டு வருவார்கள். தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளுக்குத் தானே இடம் கட்ட வேண்டும், அதற்கு அரசு காசு ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. பொறியியல், விவசாயப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போனது போல இன்னும் சிலவற்றைக் கொண்டுபோகலாம். அங்கே நிலம் இருக்கிறது.

இன்னொன்று, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று. நாளுக்கு 24,000 கனமீற்றர். குழாய்த் தண்ணீர் வந்தால் இந்தக் கிணற்றுக் கவலை பாதி குறையும்.

நீர்மட்டம் எழுதியது:

ஐயா, குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, வரட்டும். ஆனால் குழாயில் வரும் தண்ணீரும் பாவித்த பிறகு அதே குழிக்குத்தான் போகும். இப்போது கிணற்றில் இறைத்ததைத் திருப்பி விடுகிறோம். அப்போது வெளியிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்து கழிவாக இறங்கும். கழிவுக்கு வழி செய்யாமல் தண்ணீர் மட்டும் கொண்டுவந்தால் குழிகளின் வேலை கூடும்.

விடுதி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். 300 பேர் ஒரே விடுதியில் இருந்தால் அங்கே முறையான சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாம், அதைப் பார்க்க ஆள் போடலாம், தண்ணீரை மாதாமாதம் பரிசோதிக்கலாம். அதே 300 பேர் முப்பது வளவுகளில் பரந்தால் முப்பது குழி, பார்க்க யாரும் இல்லை. என்னைக் கேட்டால் கம்பஸ் விடுதி என்பது கல்வி அமைச்சின் செலவு மட்டும் இல்லை, வலிகாமத்தின் நிலத்தடி நீரைக் காக்கும் வேலையும்தான். ஆனால் அது வரும்வரை பிள்ளைகள் தெருவில் நிற்க முடியாது. அக்கா கட்டுவது அதற்காகத்தானே.

வாவிக்கரை எழுதியது:

ஐயா, பீடங்களைத் தூரக் கொண்டுபோவதற்கு முன் அங்கே விடுதியும் பஸ்ஸும் போகட்டும். கம்பஸின் மருதனார்மடப் பிரிவில் இசையும் நடனமும் படித்த என் சிநேகிதிகள் இரவு நிகழ்ச்சி முடிந்து திரும்பப் பட்ட பாட்டை நான் அறிவேன். தின்னவேலியில் எல்லோரும் நெருக்கி இருப்பது இடத்தின் மேல் ஆசையால் இல்லை. வாசிகசாலை பூட்டும்வரை இருந்து படித்துவிட்டு நடந்து வீடு வரலாம், வழியில் கடையில் வெளிச்சம் இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் பெரிய காணிகளில் விடுதி கட்டி, இரவு ஒன்பதுக்குப் பிறகும் ஒரு பஸ் ஓடினால் பாதிப் பேர் அங்கே போவார்கள். பகலில் சைக்கிளே போதும்.

செம்பாட்டுமண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு பவுசர் கணக்கைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, பத்துப் பேருக்கு என்றால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று கேட்டான். நேரம் எடுக்கும் என்று சொன்னேன். அம்மா தொலைபேசியை வாங்கி, கிணறு கெட்டால் இந்தக் காணியை யாரடா வாங்குவான் என்று கேட்டா. அதோடு மூன்றாம் மாடிப் பேச்சு நின்றது.

கொக்குவில் ஐயா, மிச்சம் பதினாலு பேர் என்று நீங்கள் கேட்டது எனக்கு உறைத்தது. அதற்கு என் வளவுக்குள் பதில் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இன்னும் நாலு வீடுகள் கட்ட யோசிக்கின்றன. அவர்களையும் கூட்டி, நீர்மட்டம் சொன்ன மாதிரித் தாங்கி கட்டும்படி பேசப்போகிறேன். பிரதேச சபைக்கும் சேர்ந்தே எழுதலாம் என்று இருக்கிறேன்: மாணவர் அறை கட்ட அனுமதி கொடுக்கும்போது மூடிய தாங்கியைக் கட்டாயமாக்க வேண்டும், மண் மூட முதல் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று. எழுத்து வேலைக்கு உதவுவீர்களா, ஐயா?

நீர்மட்டம், புதுப் படம் கீற என்னென்ன தர வேண்டும்?

கொக்குவிலான் எழுதியது:

உதவுவேன் பிள்ளை. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும், வாடகைக்கு இருக்கும் மாணவர்களும்தான். அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நீர்மட்டம் எழுதியது:

காணியின் அளவுப் படத்தில் உங்கள் கிணறு, இப்போதுள்ள குழி, பக்கத்து நாலு வளவுகளின் கிணறுகள், குழிகள் எல்லாவற்றையும் குறித்துத் தாருங்கள். பக்கத்து வீட்டு மதிலோடு உள்ள அந்தக் குழியையும் விடாமல் குறியுங்கள். ஒழுங்கையின் அகலத்தை மிக ஒடுங்கிய இடத்தில் அளந்து எழுதுங்கள். கட்டுமுன் ஒரு தரம் மாரியில், ஒரு தரம் ஆவணி வரட்சியில் தண்ணீரைப் பரிசோதித்துத் தாளை வைத்திருங்கள், பிறகு ஒப்பிட அது வேண்டும். பழைய குழியை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்ட வேண்டாம். அதை இறைத்து, சுண்ணாம்பு போட்டு, மண்ணால் நிரப்பி மூடிவிட்டுத்தான் அத்திவாரம் வெட்ட வேண்டும்.