டிஐ-83 பிளஸ் + நானோ: விடிகாலையில் லிங்க் எர்ரர், வெயில் ஏறினால் வேலை செய்கிறது. எங்கே கோளாறு?

கொண்டல்_பாம்பன்:
டிஐ-83 பிளஸ் கால்குலேட்டரின் 2.5 மி.மீ. லிங்க் போர்ட்டில் 5 வோல்ட் ஆர்டுயினோ நானோவை (புரோகிராம் ஏற்றும் குட்டி கன்ட்ரோலர் போர்டு) கோத்திருக்கிறேன். நானோவில் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார். கரையோரத் தண்ணீரின் வெப்பம், கெட் கட்டளை கொடுத்தால் கால்குலேட்டரில் எண்ணாக வரணும். லிங்க் கோடு (புரோகிராம்) நானே எழுதியது. பிளக், பழைய செல்போன் ஹெட்செட்டில் வெட்டியது. விடிகாலையில் பத்துக்கு ஒன்பது தடவை எர்ரர். பதினோரு மணிக்கு மேல் பாதிக்குப் பாதி வருகிறது. பேட்டரி நான்கும் புதுசு. நானோவை அணைத்தால் கால்குலேட்டரும் மந்தமாகிவிடுகிறது.

ஈயப்பற்று:
தம்பி, கம்பியை விடுவதற்கு டிஜிட்டல்ரைட் ஹை (பின்னை 5 வோல்ட்டுக்குத் தள்ளும் கட்டளை) கொடுக்கிறீர்களா? அதுதான் முதல் தப்பு.

லிங்க்கின் சிவப்பு, வெள்ளைக் கம்பி இரண்டும் சும்மா இருக்கையில் கால்குலேட்டருக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரால் (கம்பியை மேலே இழுத்து வைப்பது) 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். யாரும் மேலே தள்ளக் கூடாது. கீழே இழுக்கலாம், இல்லையா கையை எடுக்கலாம், அவ்வளவுதான். 0 அனுப்ப, அனுப்புகிறவர் சிவப்பை இழுப்பார். வாங்குகிறவர் வெள்ளையை இழுத்து ‘வந்தது’ என்பார். சிவப்பை விட்டதும் வெள்ளையும் விடப்படும். 1 என்றால் வெள்ளையில் தொடங்கும். நீங்கள் ஹை கொடுத்துப் பிடித்திருக்கும்போது கால்குலேட்டர் கீழே இழுத்தால் இரண்டும் மல்லுக்கட்டும், அந்த ‘வந்தது’ உங்களுக்குத் தெரியவே தெரியாது.

செட்டப்பில் இரண்டு பின்னுக்கும் ஒரே ஒரு தடவை லோ எழுதுங்கள். அதற்குப் பிறகு டிஜிட்டல்ரைட்டைத் தொடாதீர்கள். இழுக்க பின்மோட் அவுட்புட், விட பின்மோட் இன்புட். ஒவ்வொரு கம்பியிலும் தொடராக ஒரு 220 ஓம் போட்டுவிடுங்கள். கோடு பிசகினாலும் பின் கருகாது.

மந்தமாவதற்குக் காரணம் வேறு. கரண்ட் இல்லாத நானோ, தன் பாதுகாப்பு டயோடு வழியாக இரண்டு கம்பியையும் கீழே அமுக்கும். கால்குலேட்டர் ஏதோ டேட்டா வருகிறது என்று காத்துக் கிடக்கும். நானோவுக்குக் கரண்ட் கொடுத்த பிறகுதான் பிளக்கைச் செருகணும். கழற்றும்போது பிளக் முதலில். பவர் பேங்க் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். நானோ இழுப்பது சில பத்து மில்லிஆம்பியர்தான், பல பவர் பேங்க் அதைக் கண்டுகொள்ளாமல் தானே அணைந்துவிடும். லிங்க் போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உப்பளம்83:
கோடு மட்டும்தான் காரணம் என்றால் அது காலை, மதியம் பார்க்காது. பிளக்கை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, விடிகாலையில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓம் பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பாம்பனில் அது தினசரிக் கதை. ஹெட்செட் பிளக்கில் இன்னொரு தொல்லை: நான்கு வளையம் உள்ளதா என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு வேண்டியது மூன்று வளையப் பிளக்: நுனி சிவப்பு, நடு வெள்ளை, அடி கிரவுண்ட். கம்பியின் நிறத்தை நம்பாமல் கன்டினியூட்டி வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது நூலோடு முறுக்கிய, வார்னிஷ் பூசிய கம்பி. ஈயத்தில் வார்னிஷ் எரியும்வரை பிடிக்காவிட்டால் பற்று மேலே மட்டும் ஒட்டியிருக்கும்.

கொண்டல்_பாம்பன்:
பின்மோட் மாற்றியாச்சு. பிளக் மூன்று வளையம்தான். காலை ஆறு மணிக்கு 6 கிலோ ஓம், மதியம் 60 கிலோ ஓம் காட்டுகிறது. பற்றில் லேசாகப் பச்சை.

உப்பளம்83:
பிடிபட்டது. உள்ளே இருக்கும் புல்-அப் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 6 கிலோ ஓம் கசிவில் ஒரு கம்பியை இழுக்கும்போது மற்றது 1.9 வோல்ட்டுக்கு இறங்கும். நானோ 3 வோல்ட்டுக்கு மேலே போனால்தான் ஹை என்று உறுதியாக எடுக்கும். 60 கிலோ ஓம் என்றால் 4.3 வோல்ட், பிரச்சினை இல்லை. உங்கள் காலையும் மதியமும் அதுதான்.

பச்சை பிடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பற்ற வையுங்கள். ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் பல் தேய்க்கும் பிரஷும் வைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். காயாமல் பூசினால் உப்பை உள்ளே பூட்டி வைத்த மாதிரி. சென்சார் குழாயில் கேபிள் வெளியே வரும் வாயை எப்பாக்ஸியால் அடையுங்கள். கடல் தண்ணீர் அங்கேதான் ஏறும்.

கொண்டல்_பாம்பன்:
இப்போது காலையிலும் எண் வருகிறது, அண்ணே. ஆனால் முதல் தடவை 8.5, பிறகு 2.95. சீரியல் மானிட்டரில் 85, 29.5.

ஈயப்பற்று:
85 சென்சாருக்குக் கரண்ட் வந்ததும் இருக்கும் ஆரம்ப மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வேண்டும், அதற்குள் படித்துவிட்டீர்கள். ஆனால் கெட் வந்த பிறகு அவ்வளவு நேரம் காத்தாலும் கால்குலேட்டர் பொறுக்காது, மறுபடி எர்ரர்தான். லூப்பில் நொடிக்கு ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு, கேட்டதும் கடைசி எண்ணைக் கொடுங்கள். டேட்டா பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் இருக்கிறதல்லவா?

2.95 வருவது அடுக்கு பைட்டால். கால்குலேட்டரின் எண் 9 பைட்: குறி, அடுக்கு, அப்புறம் 7 பைட்டில் 14 இலக்கம். அடுக்கு ஹெக்ஸ் (16 அடிமான எண்) 80-இல் தொடங்கும், அதுதான் அடுக்கு 0. 29.5 என்றால் 2.95 பெருக்கல் 10-இன் அடுக்கு 1. அதனால் 00 81 29 50 00 00 00 00 00 அனுப்பணும். நீங்கள் 80 போட்டிருப்பீர்கள். மாற்றும்போது செக்சம்மையும் (டேட்டா சரியாக வந்ததா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) திரும்பக் கூட்டுங்கள்: டேட்டா பைட்டுகளின் மொத்தம், இரண்டு பைட், சின்ன பைட் முதலில்.