கீசர்: இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா?

நங்கநல்லூர்வாசி: பழைய 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் அடியில துரு பிடிச்சு ஒழுகுது. வீட்ல நாலு பேர், பக்கெட் குளியல்தான். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போட்டா கரண்ட் பில் குறையுமா?

வெந்நீர்ப்பிரியன்: கண்ணை மூடிட்டு இன்ஸ்டன்ட் போடுங்க சார். ஒருத்தர் குளிக்கறதுக்கு 25 லிட்டரும் காயணுமா? மிச்சத் தண்ணி சும்மா ஆறிப்போகுது.

ஊட்டிக்காரன்: சமவெளிக்காரங்க பேச்சு இது. 3 கிலோவாட் காயில், நிமிஷத்துக்கு 3 லிட்டர் தண்ணி விட்டா 14 டிகிரிதான் சூடு ஏத்தும். உங்க மொட்டைமாடி டேங்க் தண்ணி 28 டிகிரின்னா 42 ஆகும், சரி. இங்க ஜனவரில 12 டிகிரில வர்ற தண்ணி 26 ஆகும். அதுல யார் குளிப்பா? குழாயை நூல் மாதிரி திறந்தா சூடா வரும், ஆனா பக்கெட் நிறையறதுக்குள்ள ஆறிடும்.

வெந்நீர்ப்பிரியன்: கேட்டவர் நங்கநல்லூர்ண்ணே. ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் பேசுங்க.

ஒயர்மேன்: பில்லுக்காக மட்டும் மாத்தாதீங்க. ஒரு லிட்டரை ஒரே அளவு சூடாக்க ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான். அமெரிக்காவுல டேங்க் நாள் முழுக்க ஆன்லயே இருக்கும், சூடு ஆறாம வெச்சிருக்கவே கரண்ட்டோ கேஸோ போகும். அதான் டேங்க் இல்லாத ஹீட்டருக்கு அங்க அவ்வளவு பேச்சு. நாம குளிக்கறதுக்கு முன்னாடி போட்டு, பின்னாடி அணைக்கறோம். 15 லிட்டரை 28ல இருந்து 60 டிகிரிக்கு ஏத்த அரை யூனிட்டும் கொஞ்சமும்தான் ஆகும். பச்சத்தண்ணி கலந்தா கணக்குப்படி 40 டிகிரில 40 லிட்டர், ரெண்டு பக்கெட்.

வெந்நீர்ப்பிரியன்: அணைக்க மறந்தா? எங்க வீட்ல சாயங்காலம் வரைக்கும் சிவப்பு லைட் எரியும்.

ஒயர்மேன்: அது கீசர் குத்தமா, உங்க குத்தமா?

சிக்கனம்: கேஸ் கீசர் வாங்கிடுங்க, சண்டையே வேண்டாம்.

ஒயர்மேன்: மூடின பாத்ரூம்ல அதை மாட்டவே கூடாது தம்பி. காத்தோட்டம் இல்லேன்னா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையும் தெரியாது நிறமும் தெரியாது. குளிக்கப் போனவங்க மயங்கி உயிர் போன செய்தி எத்தனை படிச்சிருப்பீங்க.

நங்கநல்லூர்வாசி: எங்களுது போர் தண்ணி. ஒயர் எல்லாம் பழசு.

ஒயர்மேன்: அப்ப முதல்ல பாயிண்ட்டைப் பாருங்க. 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்ல சொருகிடாதீங்க. போர் தண்ணி எதுலயும் உப்பு படிய வைக்கும். தண்ணி சூடு ஏற ஏற அதிகமா படியும், அதனால ஸ்டோரேஜ் வாங்கினா தெர்மோஸ்டாட்டை 60க்கு மேல வைக்க வேண்டாம். டேங்க் துரு பிடிக்காம இருக்க, அதுக்குப் பதிலா தான் கரையற மக்னீசியம் ராட் ஒண்ணு உள்ள இருக்கும், அது கரைஞ்சிருக்கான்னு வருஷத்துக்கு ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க. உங்க பழைய டேங்க்ல யாராவது அதைத் திறந்து பாத்தாங்களா?

நங்கநல்லூர்வாசி: அப்படி ஒண்ணு இருக்கறதே இப்பதான் தெரியும்.

வெந்நீர்ப்பிரியன்: இன்ஸ்டன்ட்ல இந்த ராட் தொல்லையே இல்ல பாருங்க!

ஒயர்மேன்: ராட் இல்ல, காயில்ல உப்பு இருக்கு. சார், நாலு பேரும் அடுத்தடுத்து குளிப்பீங்களா?

நங்கநல்லூர்வாசி: மூணு பேர் ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள. அப்பா மட்டும் பதினோரு மணிக்கு.

ஒயர்மேன்: 15 லிட்டர் ஸ்டோரேஜ் போதும்.

வெந்நீர்ப்பிரியன்: அப்பாவுக்காக மறுபடி 15 லிட்டரா? நான் ஒத்துக்கமாட்டேன்.