பையனுக்கு ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம். இது அலர்ஜிதானா?

கேள்வி: நெல்லை_அம்மா

என் பையனுக்கு 14 வயது. எட்டு மாதமாக இடது பக்க மூக்கு மட்டும் அடைத்தே இருக்கிறது. முதலில் சளி என்று விட்டுவிட்டோம், அப்புறம் தூசி அலர்ஜி என்று மாத்திரையும் ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள், மூன்று மாதம் அடித்தும் ஒரு மாற்றமும் இல்லை. வாயைத் திறந்துதான் தூங்குகிறான், குறட்டை வேறு. போன மாதம் மட்டும் நாலு தடவை சில்லுமூக்கு உடைந்தது, கடைசித் தடவை பள்ளிக்குக் கிளம்பும்போது சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து, வாஷ்பேசினில் கட்டி கட்டியாக விழுந்தது. உடல் சூடு, தலைக்கு விளக்கெண்ணெய் வை என்கிறார் மாமியார்.

நேற்று ஈஎன்டி டாக்டர் மூக்கில் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே பின்பக்கம் சிவப்பாக ஒரு சதை தெரிகிறது, மருந்து ஏற்றி சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் எடுத்து வாருங்கள் என்றார். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, அதை இப்போது தொடவே கூடாது என்றுவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார்? கேன்சராக இருக்குமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில்: தும்மல்_குமார்

அம்மா, நான் பத்து வருஷமாக அலர்ஜி மூக்கோடு இருப்பவன். அலர்ஜி என்றால் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகல், மூக்கும் கண்ணும் அரிப்பு. அடைப்பும் இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று மாறும். மாதக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்து ரத்தமும் வந்தால் அது வேறு விஷயம், நீங்கள் குழாய் விட்டுப் பார்க்கவைத்தது ரொம்ப நல்லது.

ஒன்று கேட்கிறேன், மெடிக்கலில் வாங்கும் அடைப்புச் சொட்டு மருந்து ஏதாவது விடுகிறீர்களா? ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். நான் அதில் மாட்டி ஒன்றரை வருஷம் பாட்டில் இல்லாமல் தூங்கமுடியாமல் கிடந்தேன். ஸ்டீராய்டு ஸ்ப்ரே அப்படியில்லை, தினமும் அடித்தால் ஒன்றிரண்டு வாரத்தில்தான் முழுப் பலன் தெரியும். அதன் முனையை நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்கவேண்டும்.

பதில்: வார்டு_அக்கா

நான் ஈஎன்டி வார்டில் நர்ஸ். உங்கள் டாக்டர் சொன்னதில் காரணம் இருக்கிறது. இந்த வயதுப் பையன்களுக்கு, கிட்டத்தட்ட ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே, மூக்கின் பின்பக்கம் ஆஞ்சியோஃபைப்ரோமா என்று ஒரு கட்டி வரும். அது கேன்சர் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் முழுக்க ரத்தக்குழாய். சாதாரண ரத்தக்குழாயில் தசை இருப்பதால் வெட்டுப்பட்டால் சுருங்கி அடைத்துக்கொள்ளும், இந்தக் கட்டியின் குழாய்களில் அந்தத் தசை சரியாக இருக்காது. கிள்ளி எடுத்தால் ரத்தம் நிற்காமல் கொட்டும். அதனால்தான் பயாப்ஸி வேண்டாம் என்கிறார், ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதுதான் என்று இப்போதே முடிவு செய்யவேண்டாம். கன்னத்துக் காற்றறையிலிருந்து தொங்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் அடைக்கும், ஆனால் அது வெளிறி, வழவழவென்று இருக்கும், இவ்வளவு ரத்தம் வராது.

மறுபடி ரத்தம் வந்தால் படுக்கவைக்காதீர்கள், தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மேல் எலும்பை இல்லை, கீழே மெத்தென்று இருக்கும் பாகத்தை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் நிற்கவில்லை, இல்லை நிறையக் கொட்டுகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பதில்: தம்பிக்காக_எழுதுகிறேன்

அக்கா, என் தம்பிக்கு 16 வயதில் இதே கட்டி. இரண்டு இடத்தில் சைனஸ் என்றே சொல்லி ஒரு வருஷம் போனது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தார்கள், எம்போலைசேஷன் என்பார்கள். அப்புறம் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் வைத்து எடுத்தார்கள். ரத்தமும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொன்னார்கள்.

மூக்கில் பஞ்சு வைத்திருந்த இரண்டு நாள்தான் அவனுக்குப் பெரிய கஷ்டம். வாயால் மூச்சுவிட்டு உதடு காய்ந்து வெடித்துவிட்டது, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். எடுத்த அன்று மூக்கால் ஒரு மூச்சு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தான் பாருங்கள்! இந்தக் கட்டி சிலருக்குத் திரும்ப வரும், அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கச் சொல்லும் எம்ஆர்ஐ தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

பதில்: நெல்லை_அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் வந்துவிட்டது, வார்டு அக்கா சொன்ன கட்டிதான். மூளைப் பக்கமும் கண் பக்கமும் போகவில்லை என்றார் டாக்டர். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துவைத்துவிட்டேன். பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் தழும்பு வருமா என்றுதான் முதலில் கேட்டான், தம்பியின் கதையை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

பதில்: வார்டு_அக்கா

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் ஸ்கேன் பதிந்த சிடி தட்டும் சேர்த்து எடுத்துப்போங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.